கூப்பிடு தூரம்: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள், செவ்வாய். பரங்கிமலை

நான் மெய்ப்புத் திருத்துபவள். அடுத்தவர் எழுத்தில் பிழை தேடுவதே இருபது வருடமாக என் வேலை. போன மாதம் வந்த ஒரு கையெழுத்துப் பிரதியில் ‘தொலைதூரம்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. தொலைவு என்றாலும் தூரம், தூரம் என்றாலும் தொலைவு. இரண்டையும் ஒட்டிப்போட்டால் கூறியது கூறல் என்று எல்லா இடத்திலும் ஒன்றை அடித்துவிட்டேன். எழுதியவர் எழுபது வயதைத் தாண்டியவர். தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. “அம்மா, பக்கத்து ஊரைத் தூரம் என்று சொல்லலாம். என் தம்பி போன இடத்தை வெறும் தூரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை” என்றார். அடித்ததை எல்லாம் மறுபடி எழுதிக்கொடுத்தேன்.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை. தூரம் வடமொழி வழி வந்தது. தொலைவு நம்முடையது. தொலை என்ற வினையிலிருந்து பிறந்தது. தொலைந்தான் என்றால் காணாமல் போனான். தொலைத்தேன் என்றால் இழந்தேன். ‘தொலைந்து போ’ என்று திட்டுகிற வாய்தான் ‘தொலைபேசி’ என்றும் சொல்கிறது. தூரம் என்பது இரண்டு இடங்களுக்கு நடுவில் கிடக்கிற வெறும் நிலம். தொலைவில் ஒருவர் காணாமல் போயிருக்கிறார். அந்தப் பெரியவர் இதைத்தான் சொன்னார். எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

ஐந்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். தூரத்தை நம் ஆட்கள் எதனால் அளந்தார்கள், என்ன சொல்லி அழைத்தார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

தொடக்கம் பரங்கிமலை. இந்தியாவை அளக்கும் பெரிய முக்கோண அளவைக்கு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் முதல் கோடு போட்டது இங்கேதான். 1802 ஏப்ரல் 10. மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை கிடத்தி எடுத்து, கிடத்தி எடுத்து, 57 நாள் அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும், அதனால் வெப்பமானியையும் கூடவே வைத்து வெப்பத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தினார்கள். இந்த ஒற்றைக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே இமயம்வரை போயிருக்கிறார்கள்.

மேலே நின்று பெரும்பாக்கம் பக்கம் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் அடுக்குமாடி. குன்று தெரியவில்லை. பின்னால் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு இந்த மலை முக்கியமாகப் பட்டதற்கு இன்னொரு காரணம், என் அப்பா. சர்வே துறையில் செயின்மேனாக இருந்தவர். ஒரு சங்கிலி 66 அடி, அதற்கு 100 லிங்க்ஸ் என்பது எங்கள் வீட்டில் வாய்ப்பாட்டுக்கும் முன்னால் சொல்லித்தரப்பட்ட பாடம். கடைக்குப் போகும்போதுகூட உதடு அசையாமல் அடி எண்ணிக்கொண்டே நடப்பார். “சங்கிலி தொய்ந்தால் இல்லாத நிலம் கணக்கில் ஏறிவிடும். இழுத்துப் பிடிக்கிற கைதான் அளவு” என்பார். அவர் வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் காய்த்து மஞ்சள் நிறத்தில் தடித்திருக்கும். அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

இரண்டாம் நாள், புதன். தருமபுரி

சென்னையிலிருந்து 300 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. தேசிய நெடுஞ்சாலை என்றால் கல்லின் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சை. மைல் கணக்கு ஒழிந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அது மைல்கல்தான். யாரும் கிலோமீட்டர்கல் என்று சொல்லிக் கேட்டதில்லை.

பஸ் நிலையத்துக்கு வெளியே பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்கு வழி கேட்டேன். “ரொம்ப எட்ட இல்லை கண்ணு, ஓர் எட்டு வைத்தால் வந்துவிடும்” என்றார். நன்றி சொல்லிவிட்டு நாலு அடி நடந்த பிறகுதான் அவர் சொன்னது காதில் விழுந்தது. எட்ட என்றால் தள்ளி. எட்டு என்றால் காலடி. கைக்கு எட்டுகிறது என்றால் கிடைத்துவிட்டது. எட்டி நில் என்றால் கிட்டே வராதே. எட்டிப் பார் என்றால் கழுத்தை நீட்டு. விலக்குவதற்கும் தொடுவதற்கும் ஒரே ஒலி! ‘ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று அம்மா சொன்னால், போகிற இடம் தெருமுனையாகவும் இருக்கும், திருச்சியாகவும் இருக்கும். போக வேண்டியவர்களைப் பொறுத்தது அது.

நான் பார்க்க வந்தது ஒரு கல்லை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வழிக்கல். ‘அதியமான் பெருவழி’ என்று தொடங்கி ‘நாவற்தாவளத்துக்குக் காதம் 29’ என்று சொல்கிறது. தாவளம் என்றால் வணிகர் தங்கி இளைப்பாறும் இடம். எழுத்துக்குக் கீழே குழிகள் இருக்கின்றன. இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி. பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுத்துத் தெரியாதவரும் 29 என்று அறிந்துகொள்ளலாம்.

அந்தக் கல் முன்னால் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன். எழுத்தை வெட்டிய சிற்பி அதோடு கை கழுவியிருக்கலாம். அரசன் பெயர் வந்தாயிற்று, ஊர் வந்தாயிற்று, எண் வந்தாயிற்று. ஆனால் பொதிமாட்டுக்குப் பின்னால் நடந்துவருகிற, படிக்கத் தெரியாத ஒருவரை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார். குழியின் ஓரம் மழுங்கி வழுவழுவென்று இருக்கிறது. மழையும் காற்றும் தேய்த்ததாக இருக்கலாம். இருட்டில் விரல் விட்டு எண்ணிய ஆட்களும் இருந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். தொடக்கூடாது என்பதால் கண்ணாலேயே எண்ணினேன். இன்றைக்கு ஒரு சாலைப் பலகையாவது படிக்கத் தெரியாதவரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறதா?

அகராதியில் காதம் ஏறத்தாழ 10 மைல். நூல்களில் அது நீளும், குறுகும். சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் உண்டு. புகாரை விட்டுக் கிளம்பி ஒரு காதம் நடந்ததுமே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். இன்னும் பாதி வழிகூட ஆகவில்லை என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கோவலன் ‘ஆறைங் காதம்’ என்கிறான். கூடவே ‘நணித்து’, பக்கம்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான். ஆறைந்து என்று கேட்டால் ஐந்தோ ஆறோ என்று காதில் விழும். பெருக்கிப் பார்த்தால் முப்பது. அவர்கள் திருவரங்கம், உறையூர் வழியாகப் போனதைக் கொண்டு பார்த்தால் இன்றைய சாலைக் கணக்கில் 300 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். அவன் பொய்யும் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. சோர்ந்துபோனவளிடம் தூரத்தை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனிடம் எனக்கு இருக்கிற நெடுநாள் வருத்தத்தில் இந்த ஒரு வரிக்காக மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள், வியாழன். தஞ்சாவூர்

சேலம், நாமக்கல், திருச்சி என்று மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மாலை நாலு மணி. செருப்பு கடித்து இடது குதிகாலில் கொப்புளம்.

லாம்டன் இங்கேயும் வந்தார். 1808. டெல்டாவில் மலை கிடையாது. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். அதனால் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றி அளந்தார்கள். அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி வளைந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் கப்பலேறி ஊருக்குப் போயிருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, கருவியின் வளைந்த வட்டத்தை அங்குலம் அங்குலமாக இழுத்து நேராக்கினார். ஆறு வாரம் ஆனது.

அதே கோயிலைக் கட்டிய ராசராசனும் நிலம் அளந்தவன்தான். உலகளந்தான் என்று பெயரே வாங்கினான். அவன் காலத்து அளவுகோல் 16 சாண். சாண் என்றால் விரித்த கை. சக்கரவர்த்தியின் கோலானாலும் எவனோ ஒருவன் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துத்தான் அதைச் செய்திருக்க வேண்டும். விரல், சாண், முழம், அடி என எல்லாமே உடம்பு. கல்லில் உட்கார்ந்து என் சாணை என் முழத்தோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு சாண் ஒரு முழம் என்ற கணக்கு எனக்குச் சரியாக வருகிறது.

நாளைக்குப் பெரியம்மா வீடு. கால் வலிக்கிறது, இன்று இவ்வளவுதான்.

நான்காம் நாள், வெள்ளி. குடமுருட்டிக் கரை

பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஊருக்கு வடக்கே, ஆற்றை ஒட்டிய ஓட்டு வீடு. போய் இறங்கியதும் முதல் கேள்வி, “இத்தனை வருடம் கழித்து வழி தெரிந்ததா?” என்பதுதான். அதற்குப் பதில் இல்லை. சென்னையிலிருந்து இங்கே வர ஒரு ராத்திரி போதும். நான் வந்து ஒன்பது வருடம்.

சாப்பிட்ட பிறகு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கூப்பிடு தூரம் எவ்வளவு பெரியம்மா என்று கேட்டேன். அப்பாவின் பெண்ணாயிற்றே, அடிக்கணக்கு எதிர்பார்த்தேன். அவர் எழுந்து, வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு, வயல் பக்கம் கையை நீட்டினார். “முன்பெல்லாம் அந்த இலுப்பை மரம். அங்கே உன் பெரியப்பா நிற்பார். சோறு ஆகிவிட்டது என்று இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். மேல்காற்று என்றால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கேட்கும். இப்போது இந்தக் கிணற்றடி வரைக்கும்தான்.”

கிணறு பத்து அடியில் இருக்கிறது. கூப்பிடு தூரம் நிலையான அளவு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கூப்பிடுகிறவருக்கு வயதாக ஆக அதுவும் சுருங்கும் என்று எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை. பெரியப்பா இல்லை. இலுப்பை மரம் இருக்கிறது.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, ஓலை போய்த் தகரம் வந்திருக்கிறது. இப்போது விறகும் பழைய சாக்கும் கிடக்கின்றன. மூங்கில் கழியில் ஓர் அலுமினியத் தட்டு இன்னும் செருகியிருக்கிறது. விளிம்பில் நெளிவு, நடுவில் கறுப்புப் புள்ளிகள். அது என்ன என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நானும் அதில் சாப்பிட்டிருக்கிறேன், பதின்மூன்று வயதில், விடுமுறைக்கு வந்தபோது. “அவள் வீட்டுக்குத் தூரம்” என்று அடுத்த வீட்டுக்காரியிடம் பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தூரம் என்ற சொல்லை நான் முதலில் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, இந்தச் சாய்ப்பில்தான். கணக்குப் பாடத்தில் தூரம் வகுத்தல் நேரம் என்று டீச்சர் எழுதும்போதெல்லாம் எனக்குக் கூசும்.

பெண்களுக்கு அந்த மூன்று நாள் ஓய்வுக்காகத்தான் அப்படி வைத்தார்கள் என்று சொல்கிறார்களே என்று பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “நடவு நேரத்தில் தூரமானால் நடவுக்குப் போகாமல் இருந்தேனா? வயலுக்குக் கிட்ட, வீட்டுக்குத்தான் தூரம். சாயங்காலம் வந்தால் என் வீட்டு வாசலில் நானே தண்ணீர் கேட்டு நிற்பேன். மேலேயிருந்து ஊற்றுவார்கள்” என்றார். பிறகு, “உன் அப்பன் அளந்தான். உனக்குத் தெரியுமா? சின்னப் பையன், எட்டோ ஒன்பதோ வயது. வாசற்படியிலிருந்து இங்கே வரைக்கும் கால் வைத்து அளந்து, ‘அக்கா, பதினெட்டு அடிதான், தூரமே இல்லை, வந்துவிடு’ என்று கத்தினான். அடி வாங்கினான்” என்றார்.

அப்பா இதை எனக்குச் சொன்னதே இல்லை.

இருட்டிய பிறகு நானும் அளந்தேன். என் காலுக்கு இருபது வந்தது. அவர் அளந்தது சின்னப் பையன் கால்தான், ஆனால் எட்டி எட்டி வைத்திருப்பார்.

ஒரு சொல்லை மனிதர்மேல் வைத்தால் அது நிலத்தில் கிடந்ததைவிடக் கனக்கிறது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இன்ன சாதி இதற்கு மேல் வரக்கூடாது என்று பலகை நட்டுத் தூரத்தைக் குறித்திருந்தார்கள். 1924இல் ஈரோட்டிலிருந்து பெரியார் அங்கே போய் இரண்டு முறை சிறைப்பட்டார். ஒரு தெருவில் நடப்பதற்காக! இதெல்லாம் நடந்த நாட்டில், 2020இல் நோய்க்காக ஆறடி தள்ளி நிற்கச் சொன்னபோது ‘சமூக இடைவெளி’ என்று எழுதினார்கள். என் மேசைக்கு வந்த ஒவ்வொரு பக்கத்திலும் அதைத் ‘தனிநபர் இடைவெளி’ என்று திருத்தினேன். திருத்தியதில் இன்றைக்கும் எனக்கு ஒரு துளி ஐயம் இல்லை.

கிளம்புவதற்கு முன் அந்தத் தட்டை எடுத்துக் கழுவினேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. பெரியம்மா வாங்கிக் கோழிக்குத் தவிடு வைத்தார்.

ஐந்தாம் நாள், சனி. தனுஷ்கோடி

விடியற்காலையில் பாம்பன் தாண்டியபோது கடல் இரண்டு பக்கமும் பால்போல் இருந்தது. 1914இல் பழைய ரயில் பாலம் வந்த பிறகு எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போகலாம் என்றிருந்தது. போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துவிட்டது. ராமேசுவரத்திலிருந்து 1980களின் தொடக்கம்வரை கப்பல் ஓடியது. அதன்பின் போரும் வந்து, அதுவும் நின்றது. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு அளவுதான்.

காலையில் அக்னி தீர்த்தக் கரையில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கணவருக்குத் திதி கொடுக்க வந்திருந்தார். நனைந்த சேலையோடு நின்றபடி, என் காலருகில் இருந்ததைக் காட்டி, “உந்தப் பையை எடுத்துத் தருவீர்களா?” என்றார். இந்தப் பையும் இல்லை, அந்தப் பையும் இல்லை. உந்தப் பை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ‘அ இ உ அம் மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். இ அண்மைக்கு, அ சேய்மைக்கு. உ நடுவில் இருப்பதற்கு, பேசுகிறவரை விட்டுக் கேட்கிறவர் பக்கம் இருப்பதற்கு. நம் பேச்சில் அது தொலைந்துவிட்டது, தேர்வுத்தாளில் மட்டும் மிச்சம். 30 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது. அவரிடம் இதைச் சொன்னேன். “உங்களிடத்தில் இல்லையா?” என்று வியந்தார். உங்களுக்குக் கிட்டே இருக்கிற ஒன்றை, எனக்கு அது தூரம் என்று சொல்லாமல், உங்களுடையது என்று சொல்ல ஓர் எழுத்து. அதை எப்படி விட்டோம்?

மத்தியானம் முனைக்கு வந்தேன். கைப்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்பியது. கரை தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு கொட்டகையில் நாட்டுப்படகுக்காரர் ஒருவர் கயிறு அளந்துகொண்டிருந்தார். வலைக்கு எத்தனை ஆழம் என்று கேட்டேன். “பன்னிரண்டு பாகம் அக்கா” என்றார். பாகம் என்றால் எவ்வளவு என்றதும், பேசாமல் இரண்டு கையையும் விரித்துக் கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தார். ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை. அது ஒரு பாகம். பிடியை மாற்றி மறுபடி விரித்தார். ஒவ்வொரு முறையும் யாரையோ வாரி அணைக்க நிற்பது போல இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதே இடத்தில் தோல் காய்த்து மஞ்சளாகத் தடித்திருந்தது.

நானும் அளக்கலாமா என்று கேட்டேன். கொடுத்தார். கயிறு ஈரம், உப்பு மணல் ஒட்டிக் கையை அறுத்தது. தொய்ய விடாமல் இழுத்துப் பிடித்து எண்ணினேன். அவருக்குப் பன்னிரண்டு வந்த கயிறு எனக்குப் பதின்மூன்று பாகமும் ஒரு முழமும் வந்தது.

“அப்படியென்றால் உங்களுக்குக் கடல் கொஞ்சம் கூடுதல்” என்று சொல்லிவிட்டு, அவர் கயிற்றை வாங்கி வளையம் வளையமாகச் சுற்றத் தொடங்கினார்.